எவ்வளவு பிடிக்கலாம்னு தெரியும், யாரு குறைச்சுக்கறதுங்கறதுலதான் சண்டை

"இத்தனை சட்டம் இருக்கு, ஐ.நா. இருக்கு, சாட்டிலைட் இருக்கு, விஞ்ஞானிங்க இருக்காங்க, அப்புறமும் உலகத்துல மீன் ஏன் குறைஞ்சுகிட்டே போகுது, எல்லாம் பிடிக்கறவங்க பேராசைதானே"னு கேட்டிருந்தீங்க. பாதி சரி. மீதி பாதிக்குதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு.

பேராசைனு சொன்னா ஒரு எடத்துல இடிக்கும். ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 2025ல சொன்ன கணக்குப்படி, உலகத்துல ஆய்வு பண்ற மீன் இருப்புகள்ல, அதாவது ஒரு கடல் பகுதியில ஒண்ணா வாழற ஒரு இன மீன் கூட்டங்கள்ல, 35.5 சதவீதம் அளவுக்கு மீறி பிடிச்சாச்சு, 1974ல இது 10 சதவீதம்தான் இருந்துச்சு. இதே கணக்கை கடல்வாரியா பிரிச்சுப் பாத்தா, அலாஸ்கா இருக்கற வடகிழக்கு பசிபிக்ல 90 சதவீதத்துக்கு மேல நல்ல நிலைமையில இருக்கு, மத்தியதரைக்கடல், கருங்கடல் பக்கம் போனா நல்லா இருக்கறதே 35 சதவீதம் கிட்டதான். ரெண்டு பக்கமும் பிடிக்கறது கடன் வாங்கி கப்பல் வாங்கின மனுஷங்கதான், அலாஸ்காக்காரன் ஒண்ணும் சன்னியாசி இல்ல. வித்தியாசம் என்னன்னா அங்க முக்கியமா ரெண்டே அரசாங்கம், அமெரிக்காவும் கனடாவும், இங்க மத்தியதரைக்கடலைச் சுத்தி 20 நாட்டுக்கு மேல. எவ்வளவு பிடிக்கலாம்ங்கற கணக்கு பெரிய மீன் இனங்கள்ல பலதுக்கு ஏறக்குறைய தெரிஞ்சதுதான், அந்தக் கணக்குல யாரு எவ்வளவு விட்டுக்குடுக்கறதுங்கற எடம் வரும்போதுதான் எல்லாம் உடையுது. "குறைக்கணும்"னு எல்லாரும் கையெழுத்து போடுவாங்க, "நான் குறைக்கறேன்"னு யாரும் போட மாட்டாங்க.

ஏழை நாடு, லஞ்சம், அதான் இப்படினு ஒரு சமாதானம் சொல்வாங்க இல்லையா, அதனால முதல்ல பணக்கார நாடுங்க கதையவே எடுத்துக்கறேன். வடகிழக்கு அட்லாண்டிக்ல மேக்கரல்னு ஒரு மீன், நம்ம கானாங்கெளுத்திக்கு சொந்தக்காரன், கூட்டமா ஓடற மீன். இதை நார்வே, பிரிட்டன், ஐரோப்பிய யூனியன், ஃபேரோ தீவுகள், ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, ரஷ்யானு ஒரு பட்டாளமே பிடிக்குது. கோபன்ஹேகன்ல 1902ல இருந்து இருக்கற ஐசெஸ்ங்கற விஞ்ஞான அமைப்பு வருஷா வருஷம் இவ்வளவு டன் பிடிக்கலாம்னு சொல்லும், அந்த எண்ணை யாரும் பெருசா மறுக்கறதும் இல்ல. விஞ்ஞானம் இருக்கு, பணம் இருக்கு, கடலோரக் காவல் படை இருக்கு, லஞ்சம் குறைவு. இதுக்கு மேல என்ன வேணும்?

2007 வாக்குல மேக்கரல் வடமேற்கா நகர ஆரம்பிச்சது, அதுவரைக்கும் ஐஸ்லாந்து கடல்ல அது ஒரு பொருட்டே இல்லாத மீன். 2006ல ஐஸ்லாந்து பிடிச்சது 4,000 டன் சொச்சம், 2008ல 1,12,000 டன். ஏற்கனவே பங்கு வெச்சிருந்தவங்க, "நாங்க காலங்காலமா பிடிக்கறோம், பழைய பிடிப்பு வரலாறுதான் பங்குக்கு அடிப்படை"னாங்க. ஐஸ்லாந்து, "எங்க கடல்ல வந்து எங்க இரையைத் தின்னு வளர்ற மீனுக்கு எங்களுக்குப் பங்கு இல்லையா"ன்னுச்சு. ரெண்டு வாதமும் நியாயம்தான், அதுதான் கஷ்டம், இதுல எதுக்கு முன்னுரிமைனு எந்த சர்வதேச சட்டமும் தெளிவா சொல்லல. 1982 கடல் சட்ட ஒப்பந்தமும் சரி, அதுக்கப்புறம் வந்த 1995 மீன் இருப்பு ஒப்பந்தமும் சரி, "சம்பந்தப்பட்ட நாடுங்க ஒத்துழைக்கணும்"ங்குது, ஒத்துழைக்கலன்னா பங்கை எப்படிப் பிரிக்கறதுனு சொல்லல.

அப்புறம் ஒவ்வொருத்தரும் தனக்குத் தானே ஒரு பங்கை அறிவிச்சுகிட்டாங்க, எல்லாத்தையும் கூட்டினா 100 சதவீதத்தை எப்பவோ தாண்டிடும், பல வருஷம் ஐசெஸ் சொன்னதைவிட 40 சதவீதம் கிட்ட அதிகமா பிடிச்சாங்க. இதுல ஒரு கூத்து பாருங்க, இதே கடல்ல ஹெர்ரிங் மீனுக்கும் இதே பங்குச் சண்டை, 2013ல ஐரோப்பிய யூனியன் ஃபேரோ தீவு மேல தடை போட்டுச்சு, ஃபேரோ டென்மார்க் ராஜ்யத்துல ஒரு பகுதி, ஆனா ஐரோப்பிய யூனியன்ல இல்ல, டென்மார்க் உள்ள இருக்கு, அதனால டென்மார்க் தன்னோட ராஜ்யத்துப் படகுக்கே துறைமுகத்தை மூட வேண்டிய நிலைமை. மேக்கரலுக்கு 2014ல மூணு தரப்பு மட்டும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் வெளியதான். பிரெக்ஸிட் வந்து பிரிட்டன் தனியா ஒரு பங்குதாரர் ஆனதும் அதுவும் முடிஞ்சுது. 2021ல நார்வே தன்னோட பங்கை 22.5 சதவீதத்துல இருந்து 35 சதவீதமா தானே ஏத்திகிச்சு. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுங்க மதிக்கற எம்எஸ்சி முத்திரை, அதாவது இருப்பு கெடாம பிடிச்ச மீனுக்குத் தர்ற சான்று, 2019லயே போயிடுச்சு. 2025க்கு 5,76,958 டன் பிடிக்கலாம்னு சொல்லியிருந்த ஐசெஸ், 2026க்கு 1,74,357 டன்தான்னு சொல்லிடுச்சு, 70 சதவீதம் வெட்டு. அந்த 15, 20 வருஷத்துல இந்த அதிகப் பிடிப்புக்குத் திருட்டு காரணம் இல்ல, பெரும்பாலும் அவங்கவங்க நாட்டு சட்டப்படி, ரசீதோட பிடிச்சதுதான்.

சரி, பல நாடு சேர்ந்தா சண்டை, ஒரே நாட்டுக்கு சொந்தமா இருந்துட்டா சரியாயிடுமானு கேப்பீங்க. கனடாவோட நியூஃபவுண்ட்லாண்ட் காட் மீன் கதை இதுக்காகவே இருக்கு. அங்க 1968ல மட்டும் 8 லட்சம் டன் பிடிச்சாங்க, பெரும்பாலும் ஐரோப்பாவுல இருந்து வந்த ராட்சத டிராலருங்க. 1977ல கனடா 200 கடல் மைல் வரைக்கும் எங்களுதுனு அறிவிச்சு வெளிநாட்டுக்காரனை வெளிய தள்ளிடுச்சு. இனிமே நம்மளுதுதானேனு சொந்தமா டிராலர் கட்ட கடன், மானியம், பதப்படுத்தற ஃபேக்டரினு அள்ளிக் குடுத்தாங்க. அந்நியன் போனதும் மீன் தேறிடும்னு எல்லாரும் நம்பினாங்க, மீனுக்கு எந்த நாட்டு வலைனு தெரியுமா என்ன.

விஞ்ஞானமும் இங்க சறுக்குச்சு, எப்படிங்கறது முக்கியம். டிராலருங்க ஒரு மணி நேரத்துல எவ்வளவு பிடிக்குதுங்கற கணக்கை வெச்சு கடல்ல எவ்வளவு இருக்குனு கணிச்சாங்க. காட் மீன் குறையக் குறைய மிச்சம் இருக்கறது ஒரே எடத்துல கூட்டமா சேரும், சோனார் வெச்சிருக்கற டிராலர் நேரா அங்கதான் போய் நிக்கும், அதனால பிடிப்பு குறையாத மாதிரியே தெரியும். கரையோரத்துல பொறிவலை வெச்சு பிடிச்ச சின்ன மீனவங்களுக்கு மட்டும் மீன் சின்னதாகவும் கம்மியாகவும் வந்துச்சு, அவங்க 80கள்லயே கத்தினாங்க, சங்கம் வெச்சு கோர்ட்டுக்குக்கூட போனாங்க, யாரும் காதுல போட்டுக்கல. 80களோட கடைசியில விஞ்ஞானிங்களும் கணக்கைத் திருத்திகிட்டு பெருசா குறைக்கச் சொன்னப்போ, அரசியல்வாதிங்க அதுக்கும் மேல வெச்சுதான் அளவு நிர்ணயிச்சாங்க, ஏன்னா குறைச்சா அடுத்த வாரமே ஃபேக்டரி மூடணும், குறைக்கலன்னா மீன் தீர்றது அடுத்த தேர்தலுக்கு அப்புறம். 1992 ஜூலை 2ஆம் தேதி மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி மீன்பிடியையே நிறுத்தறோம்னு அறிவிச்சார், அறிவிப்பு நடந்த ஹோட்டல்ல கதவை உடைச்சுட்டு உள்ள வர மீனவங்க முட்டி மோதினாங்க, சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. 2 வருஷத்துக்குனு ஆரம்பிச்ச தடை 2024 வரைக்கும் போச்சு, அந்த வருஷம் திறந்தப்போ அளவு 18,000 டன். 8 லட்சம் எங்க, 18,000 எங்க.

ஆக சொந்தமாக்கிட்டா மட்டும் பத்தாது. முடிவெடுக்கறவன் மேலயே பிடிக்கறவனோட அழுத்தம் முழுசா இறங்கினா அவன் நடுவுல நிக்க முடியாது. நம்ம கண்மாய் பாசன ஊர்கள்ல நீர்க்கட்டினு ஒருத்தர் இருப்பார், எந்த மடையை எப்போ திறக்கறது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணினு பாக்கறது அவர் பொறுப்பு, பெரும்பாலும் அந்த ஆயக்கட்டுல நிலம் இல்லாதவராதான் இருப்பார், கூலி நெல்லா எல்லாரும் குடுப்பாங்க. 200 மைலுக்கு வெளிய இருக்கற ஆழ்கடலுக்கு, அதாவது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடலுக்கு, அப்படி ஒருத்தர் இல்ல. அங்க இருக்கறது வட்டார மீன்வள அமைப்புகள், அதுல உறுப்பினரா உக்காந்திருக்கறது பிடிக்கற நாடுங்கதான், முடிவெல்லாம் பெரும்பாலும் ஒருமித்த கருத்து, அதாவது ஒரே ஒரு நாடு தலையாட்டலன்னாலும் தீர்மானம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

நமக்குப் பக்கத்துல இருக்கறது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், 1996ல வந்தது, ஆபீஸ் சீஷெல்ஸ்ல. இங்க ஓட்டெடுப்புகூட உண்டு, ஆனா தீர்மானம் நிறைவேறின பிறகும் 120 நாளுக்குள்ள ஆட்சேபணை குடுத்துட்டா அது உங்களைக் கட்டுப்படுத்தாது. மஞ்சள் துடுப்பு சூரை அளவுக்கு மீறி பிடிக்கப்பட்டிருக்குனு 2015ல தெரிஞ்சுது, 2016ல மீட்புத் திட்டம் வந்துச்சு, அதை இறுக்கி 2021ல இன்னொரு தீர்மானம். இந்தியா, இந்தோனேசியா, ஈரான், ஓமன், மடகாஸ்கர், சோமாலியா ஆட்சேபணை போட்டு வெளிய நின்னுட்டாங்க. ஸ்பெயின், பிரான்ஸ் கம்பெனிங்களோட பெரிய பெரிய சுருக்குமடிக் கப்பலுங்க பல வருஷமா அள்ளிட்டு இப்போ பழைய பிடிப்பை வெச்சு எங்களையும் குறைக்கச் சொல்றது என்ன நியாயம்ங்கறது இந்தியா மாதிரி கரையோர நாடுகளோட வாதம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ல இருந்து தங்குகடல் போற படகையும் அந்தக் கப்பலையும் ஒரே தராசுல வெக்க முடியாதுங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா இதே அமைப்புல 2023 பிப்ரவரியில, குட்டி சூரைகளைக் கூட்டமா இழுக்கற மிதவைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தப்போ ஆட்சேபணை போட்டது ஐரோப்பிய யூனியன், கூடவே இன்னும் சில நாடுங்க, மூணில ஒரு பங்கு உறுப்பினருக்கு மேல எதிர்த்ததால அந்தத் தீர்மானமே செத்துப்போச்சு. சுற்றுச்சூழல் பத்தி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவங்களும் தன் கப்பலுக்கு வந்தா அதே ஆட்சேபணை விதியைத்தான் எடுக்கறாங்க. 2024ல புது மதிப்பீட்டுல மஞ்சள் துடுப்பு சூரை தேறியிருக்குனு வந்தது நல்ல சேதிதான், ஆனா பங்குப் பேச்சுவார்த்தை மட்டும் இருந்த எடத்துலயேதான் இருக்கு.

ஒப்பந்தத்தைவிட சந்தைக்கு பலம் ஜாஸ்திங்கறதுக்கு இலங்கை நல்ல உதாரணம். பேருவளை, நீர்கொழும்பு மாதிரி துறைமுகங்கள்ல இருந்து போற பலநாள் படகுங்க ஆழ்கடல்ல உரிமம் இல்லாம பிடிக்குது, கண்காணிப்பு கருவி இல்லைனு ஐரோப்பிய யூனியன் 2012 நவம்பர்ல மஞ்சள் அட்டை காட்டுச்சு, அதாவது எச்சரிக்கை. ரெண்டு வருஷம் இழுத்தடிச்சாங்க. 2015 ஜனவரியில இறக்குமதிக்கே தடை வந்துச்சு, சூரையும் வாள்மீனும் ஐரோப்பாவுக்கு அனுப்பறதுல இலங்கை முன்னணியில இருந்த நேரம், அடி பலமா விழுந்துச்சு. உடனே ஆழ்கடலுக்குப் போற படகுகளுக்கு இருப்பிடம் காட்டற கருவி, லாக் புத்தகம், சட்டத் திருத்தம் எல்லாம் மளமளனு நடந்து 2016 ஜூன்ல தடை விலகுச்சு. வருஷக்கணக்கா கூட்டம் போட்டும் நகராதது ஒன்றரை வருஷத்துல நகர்ந்துச்சு. ஆனா இந்த அட்டை இலங்கை, தாய்லாந்து, வியட்நாம் மாதிரி நாடுகளுக்கு வருது, உலகத்துலயே பெரிய தூரக்கடல் கப்பல் படை வெச்சிருக்கற சீனாவுக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. அதையும் சேர்த்துதான் பாக்கணும்.

சாட்டிலைட் விஷயத்துக்கு வரேன், அதை நீங்க தனியா கேட்டிருந்தீங்க. சாட்டிலைட் நிஜமாவே நிறைய காட்டுது. ரேடார் படங்களை வெச்சு 2024ல நேச்சர் பத்திரிகையில வந்த ஆய்வுல, உலகத்துல தொழில்முறை மீன்பிடிக் கப்பல்கள்ல முக்கால்வாசி பொதுக் கண்காணிப்புல தெரியறதே இல்லைனு கண்டுபிடிச்சாங்க. ஆனா தெரிஞ்சுட்டா பிடிச்சிடலாம்னு நினைக்கறதுதான் தப்பு. ஆழ்கடல்ல ஒரு கப்பல் மேல ஏறி சோதனை போடற அதிகாரம் பொதுவா அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி கட்டியிருக்கோ அந்த நாட்டுக்குதான். கொடியை விக்கறதுன்னே சில நாடுங்க இருக்கு, பணம் கட்டினா பதிவு, கேள்வி கிடையாது. தண்டர்னு ஒரு கப்பல், அன்டார்டிக் பக்கம் டூத்ஃபிஷ்ங்கற விலை உயர்ந்த மீனைத் திருடற கப்பல், பேரையும் கொடியையும் மாத்தி மாத்தி வருஷக்கணக்கா ஓடிச்சு, இன்டர்போல் நோட்டீஸே இருந்துச்சு. 2014 டிசம்பர்ல அதைக் கண்டுபிடிச்சு துரத்தினது எந்த நாட்டுக் கடற்படையும் இல்ல, சீ ஷெப்பர்ட்னு ஒரு தன்னார்வ அமைப்போட பாப் பார்க்கர் கப்பல். 110 நாள் துரத்தல், அன்டார்டிக்ல இருந்து இந்தியப் பெருங்கடல் வழியா ஆப்பிரிக்காவைச் சுத்தி மேற்குக் கரை வரைக்கும். நடுவுல நைஜீரியா தன் கொடியைப் பிடுங்கிகிச்சு, அதோட அது எந்த நாட்டுக்கும் சேராத கப்பல், அப்பவும் யாரும் வந்து பிடிக்கல. 2015 ஏப்ரல் 6ஆம் தேதி சாவோ டோமே கடல்ல தண்டர் மூழ்கிச்சு, கதவெல்லாம் திறந்தபடி கட்டி வெச்சிருந்தாங்க, ஆதாரத்தை அழிக்க அவங்களே மூழ்கடிச்சதுனு எல்லாருக்கும் புரிஞ்சுது. ஆளுங்களைக் காப்பாத்தினதும் துரத்தினவங்கதான். கேப்டனுக்கும் ரெண்டு அதிகாரிங்களுக்கும் அந்தக் குட்டித் தீவு நாட்டு கோர்ட்டு சிறையும் பெரிய அபராதமும் போட்டுச்சு. பெரிய பெரிய நாடுங்க செய்யாததை அது செஞ்சுது.

அதனாலதான் கடல்ல துரத்தறதைவிட துறைமுகத்துல மடக்கறது மேல்னு 2016ல துறைமுக நாடுகள் ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, திருட்டு மீனை எங்கயாவது இறக்கித்தானே ஆகணும். இது ஓரளவு வேலை செய்யுது. நடுக்கடல்ல ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு குளிர்பதனக் கப்பலுக்கு மாத்திட்டா யாரு பிடிச்சதுங்கற கணக்கே கலந்துபோயிடும், அந்த ஓட்டை இன்னும் அடைபடல.

மானியம் பத்தி சுருக்கமா. ஆழ்கடல்ல இப்போ மீன்பிடி நடக்கற எடத்துல பாதிக்கும் மேல அரசாங்க மானியம் இல்லன்னா லாபமே வராதுனு 2018ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, டீசல் காசு அப்படி. இதை நிறுத்த உலக வர்த்தக அமைப்புல 2001ல பேச ஆரம்பிச்சு 2022 ஜூன்ல ஒரு ஒப்பந்தம் வந்து 2025 செப்டம்பர் 15ல அமலுக்கு வந்துச்சு. திருட்டுப் பிடிப்புக்கும் ஏற்கனவே நலிஞ்ச மீனுக்கும் மானியம் கூடாதுங்கற வரைக்கும்தான் அதுல இருக்கு, கப்பல் எண்ணிக்கையை ஏத்திவிடற மானியம், அதாவது நிஜமான பிரச்னை, இன்னும் பேச்சுவார்த்தையில தொங்குது. வளரும் நாடுகளுக்கு 25 வருஷம் அவகாசம் வேணும், தூரக்கடல் நாடுங்க முதல்ல நிறுத்தட்டும்னு இந்தியா நிக்குது. இந்த ரெண்டாவது பாதி 4 வருஷத்துக்குள்ள முடிவாகலன்னா முதல் பாதியே காலாவதி ஆயிடலாம்னு ஒப்பந்தத்துலயே ஒரு பிரிவு இருக்கு.

இவ்வளவு நேரம் தோத்த கதையாவே சொல்லிட்டேன், ஜெயிச்ச கதை ஒண்ணு இருக்கு, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் பிடிச்சது அதுதான். பசிபிக்ல கிரிபாட்டினு ஒரு நாடு, நிலம் 811 சதுர கிலோமீட்டர், கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். துவாலு 26 சதுர கிலோமீட்டர், நவ்ரு 21. இந்த மூணோட மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள்னு மொத்தம் 8 நாடுங்க. உலக சூரைப் பிடிப்புல பாதி மேற்கு, மத்திய பசிபிக்ல இருந்துதான் வருது, அதுல பெரும்பங்கு இவங்க கடல்ல. ஆனா பிடிச்சது ஜப்பான், கொரியா, தைவான், அமெரிக்கா. சூரை ஓடிகிட்டே இருக்கற மீன், அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லைங்கறது அன்னைக்கு அமெரிக்காவோட நிலைப்பாடு. 1984ல சாலமன் தீவு, அனுமதி இல்லாம பிடிச்ச ஜீனெட் டயானாங்கற அமெரிக்கக் கப்பலைப் பிடிச்சு பறிமுதல் பண்ணிடுச்சு. அமெரிக்கா பதிலுக்கு சாலமன் தீவு மீனை வாங்க மாட்டேன்னு தடை போட்டுச்சு. அடுத்த வருஷம் கிரிபாட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா, சோவியத் யூனியனுக்கு மீன்பிடி உரிமம் குடுத்துச்சு. பனிப்போர் காலம், பசிபிக்ல ரஷ்யக் கப்பலான்னு வாஷிங்டன் பதறிப்போய் 1987ல தீவு நாடுகளோட ஒப்பந்தம் போட்டு வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் தர ஒத்துகிச்சு. பலம் இல்லாதவன் பேரம் பேசற விதம் அது.

ஆனா பணம் பெருசா வரல. கப்பல்காரங்க ஒவ்வொரு நாட்டையா தனித்தனியா பேசி, பக்கத்து நாடு கம்மிக்கு தருதேனு விலையை அடிச்சுடுவாங்க, பிடிச்ச மீனோட மதிப்புல 5 சதவீதம் கிட்டதான் உரிமக் கட்டணமா கிடைச்சுது. இதுல 7 நாடு 1982லயே நவ்ரு உடன்படிக்கைனு ஒண்ணு போட்டிருந்தாங்க, துவாலு பின்னாடி சேர்ந்துச்சு, அதை நிஜமா பல்லு உள்ளதா ஆக்கினது 2007 கடைசியில வந்த கப்பல்-நாள் திட்டம். டன் கணக்குல விக்கறதை விட்டுட்டு நாளை வித்தாங்க. ஒரு வருஷத்துக்கு எல்லார் கடலும் சேர்த்து சுருக்குமடிக் கப்பலுங்க மொத்தம் இத்தனை நாள்தான் பிடிக்கலாம், சுமார் 45,000 நாள், அதை 8 நாடும் பிரிச்சுப்பாங்க, ஒருத்தருக்கு மிச்சம் இருந்தா இன்னொருத்தருக்கு வித்துக்கலாம், ஒரு நாளுக்கு குறைஞ்சபட்ச விலை இவ்வளவுனு சேர்ந்து நிர்ணயிச்சாங்க. டன்னைப் பொய்யா எழுதலாம், கப்பல் அந்தக் கடல்ல இருந்துச்சா இல்லையாங்கறதை மறைக்கறது கஷ்டம், கருவி காட்டிக்குடுத்துடும். நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் மத்த விதிகளைவிட ஒழுங்கா நடக்கறதுக்கும் இதே காரணம்தான், படகு துறைமுகத்துல கட்டியிருக்கா இல்லையானு யார் வேணா பாத்துடலாம், வலைக் கண்ணி அளவை யார் போய் அளக்கறது.

விலை 2012ல ஒரு நாளுக்கு 5,000 டாலர், 2015ல 8,000, நல்ல எடத்துக்கு அதுக்கு மேலயும் போச்சு. 8 நாடுகளோட சேர்ந்த வருமானம் 2010ல 6 கோடி டாலர் கிட்ட இருந்தது, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளயே 50 கோடி கிட்ட வந்துடுச்சு. 2016 ஆரம்பத்துல அமெரிக்கக் கப்பல்காரங்க வாங்கறேன்னு ஒத்துகிட்ட நாளுக்குக் காசு கட்ட முடியலன்னாங்க, உரிமம் கிடையாதுனுட்டாங்க, கப்பலுங்க சும்மா நின்னுச்சு. 1984ஐ நினைச்சுப் பாருங்க. உரிமம் வேணும்னா எல்லா சுருக்குமடிக் கப்பல்லயும் ஒரு கண்காணிப்பாளர் இருக்கணும், வருஷத்துல சில மாசம் மிதவை வெச்சுப் பிடிக்கக்கூடாது, தீவுக் கடல்களுக்கு நடுவுல திட்டுத்திட்டா இருக்கற சில பொதுக்கடல் பக்கமும் போகக்கூடாதுனு 2010 வாக்குல கண்டிஷன் போட்டாங்க. பொதுக்கடல் அவங்களுது இல்லதான், ஆனா அங்க போனா என் கடல்ல உரிமம் கிடையாதுன்னா எவன் போவான்.

இவங்க ஏன் ஜெயிச்சாங்கன்னா, மீனோட பெரும்பங்கு இவங்க 200 மைலுக்குள்ள இருந்துச்சு, பிடிச்சது பெரும்பாலும் இவங்க இல்ல. குறைச்சா நஷ்டம் வெளிநாட்டுக் கப்பலுக்கு, லாபம் சொந்த கஜானாவுக்கு. கனடா அமைச்சருக்கு நடந்த மாதிரி, கதவை உடைக்க வர்ற உள்ளூர் ஓட்டு இங்க எதிர்ப்பக்கம் இல்ல. அதனால இதை அப்படியே நம்ம வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவந்துடலாம்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல, இங்க பிடிக்கறவங்களும் ஓட்டு போடறவங்களும் ஒருத்தர்தான்.

ஓட்டைங்க இருக்கு. நாள் எண்ணிக்கை அதேதான், ஆனா கப்பல் பெருசாயிடுச்சு, ஒவ்வொரு மிதவையிலயும் அடியில எவ்வளவு மீன் நிக்குதுனு காட்டற சோனார் வந்துடுச்சு, 2010ல ஒரு நாளும் இப்போ ஒரு நாளும் ஒண்ணு இல்ல. தூண்டில் வரிசை போடற கப்பலுங்க இவ்வளவு இறுக்கமான பிடியில இல்ல, அதுங்கள்ல கண்காணிப்பாளர் 5 சதவீதம் இருந்தா போதும்ங்கறதுதான் வட்டார விதி. கண்காணிப்பாளர் வேலையும் லேசுப்பட்டது இல்ல, நடுக்கடல்ல காணாமப்போனவங்களும், செத்து என்ன ஆச்சுனே தெரியாதவங்களும் உண்டு, கொரோனாவுல பசிபிக்ல கப்பல்ல ஆள் ஏத்தறதையே நிறுத்திவெச்சிருந்தாங்க. கிரிபாட்டி 2015ல ஃபீனிக்ஸ் தீவுகளைச் சுத்தி 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல மீன்பிடியே கூடாதுனு மூடி உலகமே கைதட்டுச்சு, 2021ல வருமானம் போதலைனு மறுபடி திறக்கறோம்னு அறிவிச்சுது, வெளிய இருந்து திட்டினாங்க. அரசாங்க வருமானத்துல பெரும்பகுதி மீன்பிடி உரிமத்துல வர்ற ஒரு நாட்டை, கைதட்டலை வெச்சு ஸ்கூல் நடத்துன்னு சொல்ல முடியாது.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு வருது. கடல் சூடாக ஆக சூரை கிழக்கா நகருது, இவங்க 200 மைலைத் தாண்டி பொதுக்கடலுக்கு. வெப்பமாதல் மோசமான வேகத்துல போனா 2050 வாக்குல 10 பசிபிக் தீவு நாடுகளோட கடல்ல சூரை சராசரியா 13 சதவீதம் குறையும், அரசாங்கங்களுக்கு வருஷம் சுமார் 9 கோடி டாலர் போகும்னு 2021ல ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. மீன் செத்துப்போறதால இல்ல, எல்லைக் கோட்டைத் தாண்டிப் போறதால. அந்தப் பக்கம் மேற்கு, மத்திய பசிபிக் மீன்வள ஆணையம், 26 உறுப்பினர், ஒருமித்த கருத்து, பொதுக்கடல் பிடிப்பை நாடுவாரியா எப்படிப் பிரிக்கறதுனு வருஷக்கணக்கா முடிவாகாத பஞ்சாயத்து. மேக்கரல் ஐஸ்லாந்துக்கு வந்தப்போ நடந்தது இங்க தலைகீழா நடக்கப்போகுது, அங்க மீன் வந்து சேர்ந்த நாடு பங்கு கேட்டுச்சு, இங்க மீன் கைவிட்டுப் போற நாடுங்க இன்னைக்கு இருக்கற பங்கையே, மீன் எங்க போனாலும் எங்களுதுனு எழுதிக் குடுங்கனு கேக்க ஆரம்பிச்சிருக்காங்க, கப்பல் வெச்சிருக்கற நாடுங்க இன்னும் தலையாட்டல.